பூட்டு வேண்டும், சாவி கேட்க ஒரு வழியும் வேண்டும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் என்ன செய்வார்கள்? தமிழ் எழுத்துருக்களைப் பதிவார்கள். பிடித்த பிரவுசரை டவுண்லோட் செய்வார்கள். வி.எல்.சி. பிளேயரை இன்ஸ்டால் செய்வார்கள். கல்யாண போட்டோக்களை பென் டிரைவில் இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்வார்கள். இடையில், "இந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?" என்று விண்டோஸ் கேட்கும். யெஸ் பட்டனில் கிளிக் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் பல சாப்ட்வேர் இன்ஜினியர்களால், இந்த வேலைகளில் ஒன்றைக் கூட தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது. பென் டிரைவைச் செருகினால் தடை அறிவிப்பு வரும். வேறு பிரவுசர் பதிய முடியாது. டெஸ்க்டாப் படத்தைக் கூட மாற்ற முடியாத இடங்கள் உண்டு. ஊருக்கெல்லாம் சாப்ட்வேர் எழுதித் தருகிறவருக்கு, தன் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்ய உரிமை இல்லை. அதிலும் அவர் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவர் என்றால் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

இந்தக் கட்டுப்பாடுகள் ஏன் வந்தன, எங்கே பயன் தருகின்றன, எங்கே எல்லை மீறுகின்றன என்பது பற்றி என் கருத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கும் இதில் எடுத்துக் கொள்ள விஷயம் இருக்கிறது.

கான்ட்ராக்ட் இன்ஜினியர் என்பவர் யார்?

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு ஐ.டி. கட்டடத்துக்குள் காலையில் நுழைபவர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் அல்ல. பலர் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கான்ட்ராக்டில் வருபவர்கள். இவர்களுக்குச் சம்பளம் தருவது ஒரு ஏஜென்சி. வேலை வாங்குவது இன்னொரு கம்பெனி. பல சமயங்களில் அந்தக் கம்பெனியும் அமெரிக்காவில் உள்ள ஒரு வங்கிக்கோ இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கோ வேலை செய்து தந்து கொண்டிருக்கும்.

ஆகவே கான்ட்ராக்ட் இன்ஜினியர் ஒருவர் மூன்று இடங்களின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். வங்கியின் விதி, கம்பெனியின் விதி, ஏஜென்சியின் விதி. மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. இவருக்கு மூன்று பக்கம்.

விண்டோஸில் இரண்டு வகை யூசர் அக்கவுண்ட்கள் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் வைத்திருப்பவர் எந்த சாப்ட்வேரையும் பதியலாம், நீக்கலாம், செட்டிங்குகளை மாற்றலாம். ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் வைத்திருப்பவர், ஏற்கெனவே பதிந்திருக்கும் சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டர் முழுமைக்குமான மாற்றங்களைச் செய்ய முடியாது. உங்கள் வீட்டில் நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர். ஆபீசில் அந்த இடத்தில் இருப்பது ஐ.டி. துறை. மற்றவர்கள் எல்லோரும் ஸ்டாண்டர்ட் யூசர்கள்தான்.

ஒரு சிறிய டூல், ஒன்பது நாட்கள்

அக்கவுண்ட்ஸ் துறையில் இருப்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. எக்ஸெல், இமெயில், கம்பெனியின் கணக்கு சாப்ட்வேர் இருந்தால் அவர் வேலை நடந்துவிடும். புரோகிராம் எழுதுபவரின் வேலை அப்படி அல்ல. கம்பைலர், எடிட்டர், டேட்டாபேஸைப் பார்க்க ஒரு டூல், சோதனை செய்ய ஒரு டூல், மற்றவர்கள் எழுதி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் என்று அவருக்குத் தினமும் ஏதாவது தேவைப்படும். தச்சரை வேலைக்கு அழைத்துவிட்டு, உளி வேண்டும் என்றால் மனு எழுதிக் கொடுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நான் வேலை பார்த்த ஒரு புராஜெக்டில், டேட்டாபேஸில் உள்ள அட்டவணைகளைப் பார்க்க ஒரு இலவச டூல் தேவைப்பட்டது. வீட்டில் என்றால் ஐந்து நிமிட வேலை. அங்கே முதலில் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்பது கம்பெனியின் இணைய தளத்தில் பதிவு செய்யும் கோரிக்கை. அதை என் மேலாளர் அனுமதிக்க வேண்டும். கான்ட்ராக்ட் ஊழியர் என்பதால் கம்பெனி சார்பில் இன்னொருவரும் அனுமதிக்க வேண்டும். பிறகு அமெரிக்காவில் உள்ள பாதுகாப்புப் பிரிவு பார்க்க வேண்டும். சென்னையில் காலை பத்து மணி என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு. அவர்கள் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினால் அதை நான் மறுநாள் காலையில் பார்ப்பேன். என் பதிலை அவர்கள் அன்று இரவு பார்ப்பார்கள். இப்படி நான்கு கேள்விகள் வந்தால் நான்கு நாட்கள். ஒன்பதாவது வேலை நாளில் அந்த டூல் கிடைத்தது.

இது போன்ற தடைகள் இன்னும் உண்டு. பல கம்பெனிகளில் இன்டர்நெட் இணைப்பு ப்ராக்ஸி சர்வர் வழியாகவே செல்லும். அது நீங்கள் பார்க்கும் தளத்தின் பாதுகாப்பான இணைப்பைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்துவிட்டு, கம்பெனியின் சொந்தச் சான்றிதழைப் போட்டு மூடி அனுப்பும். கம்பெனியே அந்தச் சான்றிதழை விண்டோஸில் சேர்த்து வைத்திருப்பதால் பிரவுசர் அதை ஏற்றுக் கொள்ளும். ஆனால் லைப்ரரிகளை டவுண்லோட் செய்யும் புரோகிராமர் டூல்கள் பல, தங்களுக்கென்று தனி சான்றிதழ் பட்டியல் வைத்திருக்கும். "யாரோ நடுவில் புகுந்துவிட்டார்கள்" என்று எரர் காட்டி அவை நின்றுவிடும். உண்மையில் அது சரியாகத்தான் சொல்கிறது. நடுவில் புகுந்தது சொந்தக் கம்பெனி, அவ்வளவுதான்.

அடுத்தது ஆன்டி வைரஸ். இன்றைய வெப்சைட் புராஜெக்ட் ஒன்றில் லைப்ரரி பைல்கள் மட்டுமே பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு சிறு பைல் திறக்கும்போதும் ஆன்டி வைரஸ் அதைச் சோதிக்கும். வாசலில் ஒரே காவலாளி, உள்ளே போகிற ஒவ்வொரு செங்கல்லையும் திருப்பிப் பார்த்தால் வீடு எப்போது எழும்பும்? இது கற்பனைப் புகார் அல்ல. மைக்ரோசாப்ட் நிறுவனமே 2023-ல் விண்டோஸ் 11-ல் டெவ் டிரைவ் என்ற வசதியைக் கொண்டு வந்தது. அந்த டிரைவில் உள்ள பைல்களை உடனே திறக்கவிட்டு, வைரஸ் சோதனையைச் சற்றுப் பின்னால் நடத்தும் முறை அதில் உண்டு. பிரச்னை இல்லையென்றால் தீர்வு எதற்கு?

சில இடங்களில் கான்ட்ராக்ட் ஊழியருக்கு லேப்டாப்பே தருவதில்லை. எங்கோ அமெரிக்க டேட்டா சென்டரில் ஓடும் ஒரு விண்டோஸின் திரையை மட்டும் சென்னையில் காட்டுவார்கள். இதை விர்ச்சுவல் டெஸ்க்டாப் என்பார்கள். இங்கே ஒரு எழுத்தை டைப் செய்தால், அது கடல் கடந்து போய்த் திரும்பி வந்துதான் திரையில் தெரியும். கால் விநாடி தாமதம் என்பது சொல்வதற்குச் சிறிதாக இருக்கும். எட்டு மணி நேரம் அப்படி டைப் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கட்டுப்பாடு சும்மா வரவில்லை

இவ்வளவு சொல்லிவிட்டு, ஐ.டி. துறையினர் பொழுது போகாமல் பூட்டுப் போடுகிறார்கள் என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. ஒவ்வொரு பூட்டுக்கும் பின்னால் ஒரு திருட்டுக் கதை இருக்கிறது.

2013-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் இருந்து சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நேராக டார்கெட் கம்பெனிக்குள் நுழையவில்லை. குளிர்சாதனப் பராமரிப்புக்காக அந்தக் கம்பெனி கான்ட்ராக்டில் வைத்திருந்த ஒரு சிறிய நிறுவனத்தின் பாஸ்வேர்டைத் திருடி, அதன் வழியாக உள்ளே போனார்கள். அதே 2013-ல் அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களை வெளியே கொண்டு வந்த எட்வர்ட் ஸ்னோடெனும் கான்ட்ராக்ட் ஊழியர்தான். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். பாதுகாப்பு அதிகாரிகள் மனதில், கான்ட்ராக்ட் என்ற சொல்லின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது.

இலவச லைப்ரரிகளைத் தடுப்பதற்கும் காரணம் உண்டு. ஈவென்ட் ஸ்ட்ரீம் என்பது ஏராளமானவர்கள் பயன்படுத்திய ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. 2018-ல் அதைப் பராமரிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிய ஒருவர், பிட்காயின் திருடும் புரோகிராமை அதற்குள் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார். அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் பலரது கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது.

2017 மே மாதம் உலகைக் கலக்கிய வன்னாக்ரை வைரஸ் உங்களுக்கு நினைவிருக்கலாம். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் கூட முடங்கின. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக் கொண்டன. "அப்டேட்டைத் தள்ளிப் போட உங்களுக்கு உரிமை இல்லை" என்று கம்பெனிகள் சொல்வதன் பின்னணி இதுதான்.

எனவே பூட்டே வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. பூட்டு எப்படிப் போடப்படுகிறது என்பதே என் கேள்வி.

எங்கே இடறுகிறது?

வேலையைப் பார்த்து விதி போடாமல், எல்லோருக்கும் ஒரே விதி போடுவதுதான் முதல் தவறு. வரவேற்பறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் புரோகிராமரின் கம்ப்யூட்டருக்கும் ஒரே செட்டிங் என்றால், இரண்டில் ஒன்று நிச்சயம் வேலை செய்யாது.

இரண்டாவது தவறு, ஒரு காலத்தில் போட்ட விதியை அப்படியே வைத்துக் கொண்டிருப்பது. இதற்கு பாஸ்வேர்ட் நல்ல உதாரணம். பெரிய எழுத்து, எண், சிறப்புக் குறியீடு எல்லாம் கலந்து பாஸ்வேர்ட் வைக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும் என்ற விதிகள் பரவியதில், அமெரிக்க தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தான் எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தி, திருட்டுப் போனதற்கான அறிகுறி இல்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. 2019-ல் மைக்ரோசாப்ட்டும் தன் பரிந்துரைகளில் இருந்து இந்தக் காலக்கெடுவை நீக்கியது. ஆனால் இன்றும் பல ஆபீஸ்களில் காலக்கெடு முடிந்ததும், பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அறிவிப்பு வந்துவிடும். ஊழியர்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் உள்ள 7-ஐ 8 ஆக்குவார்கள். இல்லாவிட்டால் மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள்.

மூன்றாவது தவறுதான் மிகப் பெரியது. நேர் வழி கடினமாக இருந்தால் மக்கள் குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். பூட்டைத் திறக்கத் தெருமுனை வரை நடக்க வேண்டும் என்றால், சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். பென் டிரைவ் தடை என்றால், சிலர் திரையை செல்போனில் போட்டோ எடுக்கிறார்கள். தளம் தடை என்றால் தன் போனில் பார்த்து டைப் செய்கிறார்கள். அனுமதி வரவில்லை என்றால், ஏற்கெனவே அனுமதி கிடைத்த நண்பரின் பாஸ்வேர்டை வாங்கிக் கொள்கிறார்கள். இவை எல்லாமே தவறு. நான் இவற்றுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இவை எதுவும் ஐ.டி. துறையின் ரிப்போர்ட்டில் வராது. அங்கே எல்லாம் பூட்டியிருப்பதாகத்தான் தெரியும். பாதுகாப்பு கூடியிருக்கிறது என்று அவர்கள் நினைக்கும்போது, அது பார்வைக்கு எட்டாத இடத்தில் ஒழுகிக் கொண்டிருக்கும்.

விலை கொடுப்பது யார்?

நிரந்தர ஊழியருக்கு அனுமதி வரத் தாமதமானால், அவர் கேன்டீனில் இன்னொரு காபி குடிப்பார். மாதச் சம்பளம் வந்துவிடும். கான்ட்ராக்ட் இன்ஜினியரின் நிலை வேறு. அவருக்குக் கொடுத்திருப்பது ஆறு மாதம். லேப்டாப், ஐ.டி., விபிஎன், சோர்ஸ் கோட் பார்க்கும் உரிமை எல்லாம் வந்து சேர முதல் மூன்று வாரம் போய்விட்டால், வேலை செய்து காட்ட மீதி இருக்கும் நாட்களே அவர் கையில். கான்ட்ராக்டை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, "இவர் என்ன முடித்தார்?" என்றுதான் கேட்பார்கள். "இவர் எத்தனை நாள் காத்திருந்தார்?" என்று யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் இல்லாத நாட்களுக்குப் பணம் தர முடியாது என்று ஏஜென்சியிடம் சொல்லும் இடங்களும் உண்டு.

நீட்டிப்பு கிடைத்தாலும் இன்னொரு வேடிக்கை. பல கம்பெனிகளில் கான்ட்ராக்ட் முடியும் தேதியில் அக்கவுண்ட் தானாகவே செயலிழந்துவிடும். நீட்டிப்பு ஆவணத்தில் கையெழுத்து இரண்டு நாள் தாமதமானால், மூன்றாம் நாள் காலையில் லாக் இன் செய்ய முடியாது. திரும்பவும் டிக்கெட், திரும்பவும் அனுமதி.

இதில் மனம் நோவது நேரம் வீணாவதால் மட்டும் அல்ல. வங்கியின் பணப் பரிமாற்ற புரோகிராமை எழுத உங்களை நம்புகிறார்கள். ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் இன்ஸ்டால் செய்ய நம்புவதில்லை. இந்த முரண்பாட்டை யாரிடம் போய்ச் சொல்வது என்பதே தெரியாமல் இருப்பதுதான் கான்ட்ராக்ட் ஊழியரின் உண்மையான சங்கடம்.

என்ன செய்யலாம்?

தீர்வுகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தந்து, என்ன செய்யப்பட்டது என்று பதிவு செய்து, தானாகவே திரும்ப எடுத்துக் கொள்ளும் சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. ஐ.டி. துறை முன்பே சோதித்துப் பார்த்த டூல்களை ஒரு பட்டியலாக வைத்து, தேவையானவர் கிளிக் செய்து எடுத்துக் கொள்ளும்படி செய்யலாம். லைப்ரரிகளை நேராக இன்டர்நெட்டில் இருந்து எடுக்காமல், கம்பெனிக்குள் ஒரு சர்வரில் சோதித்து வைத்து அங்கிருந்து தரலாம். வாடிக்கையாளர்களின் உண்மையான தகவல்கள் உள்ள கம்ப்யூட்டர்களுக்குக் கடுமையான பூட்டு போட்டு, போலித் தகவல்களை வைத்து புரோகிராம் எழுதும் கம்ப்யூட்டர்களுக்குக் கொஞ்சம் இளக்கம் தரலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், "முடியாது" என்று ஒரு பதில் வந்தால், "ஏன்" என்றும் "வேறு எப்படி" என்றும் கேட்பதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் இங்கே பகல் நேரத்தில் பதில் சொல்பவராக இருந்தால் இன்னும் நல்லது. காரணம் தெரிந்தால் பெரும்பாலான இன்ஜினியர்கள் விதியை மதிப்பார்கள். டிக்கெட் எண் மட்டும் பதிலாக வந்தால், குறுக்கு வழி தேடுவார்கள்.

உங்கள் வீட்டில் நீங்கள்தான் ஐ.டி. துறை

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன சிக்கலின் மறுமுனையில் நிற்கிறீர்கள் நீங்கள். ஆபீசில் எதற்கும் அனுமதி இல்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. விண்டோஸில் முதலில் உருவாக்கும் அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டராகவே அமைகிறது. உங்கள் பையன் விளையாட்டு என்று நினைத்து டவுண்லோட் செய்யும் பைலுக்கும் அதே உரிமை எளிதாகப் போய்விடும்.

எனவே ஆபீசிடம் இருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கடன் வாங்குங்கள். ஒரு தனி அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட் உருவாக்கி, நல்ல நீளமான பாஸ்வேர்ட் வையுங்கள். அது சரியாக வேலை செய்கிறது என்று ஒரு முறை லாக் இன் செய்து பார்த்த பிறகு, நீங்களும் குழந்தைகளும் தினமும் பயன்படுத்தும் அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்ட் வகைக்கு மாற்றுங்கள். எதையாவது இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்ட் கேட்கும். அந்தப் பத்து விநாடியில், "இது நமக்குத் தேவையா?" என்று ஒரு முறை யோசிப்பீர்கள். ஆனால் குழந்தை ஒரு சாப்ட்வேர் வேண்டும் என்று கேட்டால், ஒன்பது நாள் காக்க வைக்காதீர்கள். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அவர்கள் உங்களிடம் கேட்பார்கள்.

இன்னொரு வேண்டுகோள். மகனோ மகளோ மருமகளோ ஆபீஸ் லேப்டாப்புடன் வீட்டில் வேலை பார்க்கிறார்கள் என்றால், "இந்த பென் டிரைவில் உள்ள கல்யாண போட்டோவைக் கொஞ்சம் திறந்து காட்டு" என்று அந்த லேப்டாப்பை நீட்டச் சொல்லாதீர்கள். பேரக் குழந்தைக்கு கார்ட்டூன் போட்டுக் காட்டவும் அது வேண்டாம். பென் டிரைவ் செருகப்பட்டதும் எங்கோ ஒரு சர்வரில் அது பதிவாகலாம். நிரந்தர ஊழியருக்கு அது ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போகலாம். கான்ட்ராக்டில் இருப்பவருக்கு அடுத்த நீட்டிப்பே இல்லாமல் போகலாம். "என்ன பெரிய இன்ஜினியர், ஒரு பென் டிரைவ் கூடப் போட முடியாதா?" என்று கேலி செய்வதற்கு முன், அந்தப் பூட்டு அவர் போட்டது அல்ல, அதன் சாவியும் அவரிடம் இல்லை என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதும் தவறு. கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதும் தவறு. கம்பெனிகள் முதல் தவறை விட்டு நகர வேண்டும். வீட்டில் இருக்கும் நாம் இரண்டாவதை விட்டு நகர வேண்டும். நம் பங்கை இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கம்பெனிகளின் பங்குக்கு நான் இன்னும் டிக்கெட் போட்டுக் கொண்டுதான் இருக்கிறேன்.